குன்னூர் தேயிலை ஆலையில் புதுத் தொழில்நுட்பம்: முதலில் தராசு, அப்புறம் மற்றவை

கேள்வி இது. குன்னூர் அருகே குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பெரிய தோட்டம் எதுவும் கிடையாது. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். கோவையில் எம்.பி.ஏ. முடித்த மகன் இப்போது பொறுப்புக்கு வந்திருக்கிறார். செயற்கை நுண்ணறிவு, சென்சார், பிளாக்செயின் என்று எல்லோரும் பேசுகிறார்களே, இவை நிர்வாகத்தை உண்மையில் மாற்றுமா, எங்களைப் போன்ற ஆலை முதலில் எதில் பணம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மாற்றும். ஏற்கெனவே மாற்றிக்கொண்டும் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஆலைகளில் எடை குறிக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக வெளியே வந்தவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: புதுத் தொழில்நுட்பம் வந்தால், ஒரு விஷயம் யாருக்கு முதலில் தெரிகிறது என்பது மாறிவிடுகிறது. அதை ஏற்றுக்கொள்கிற ஆலையில் இயந்திரம் பலன் தரும். ஏற்காத ஆலையில் அதே இயந்திரம் தூசி படிந்து கிடக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் தொழிலில் உண்மை நிலவரம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மூட்டையில் எத்தனை கிலோ என்பது விவசாயிகளிடம் இலை சேகரித்து ஆலைக்குக் கொண்டுவரும் லீஃப் ஏஜென்டுக்குத் தெரியும். இலை வதங்கிவிட்டதா, நொதித்தது போதுமா என்பது ஆலையில் தூள் தயாரிப்பை நடத்தும் டீ மேக்கருக்குத் தெரியும். தூளுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது ஏலத்தில் நமக்காக விற்றுக்கொடுக்கும் புரோக்கருக்குத் தெரியும். முதலாளிக்கு இவர்கள் சொல்வதுதான் கணக்கு. விவசாயிக்கு மாதக் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். இந்த மூன்று இடங்களிலும் என்ன நடந்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

விலையிலிருந்து தொடங்குகிறேன். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. புரோக்கர்கள் மாதிரித் தூளைச் சுவைத்து மதிப்புப் போடுவார்கள். அந்தக் காலத்தில் ஏலக்கூடத்தில் ஆள் உட்கார்ந்து குரல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2003இல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் தூளுக்காக டீசர்வ் என்ற மின்னணு ஏல மையம் இதே குன்னூரில் வந்தது. அப்புறம் தேயிலை வாரியத்தின் மின்னணு ஏலம். 2016இல் நாட்டின் எந்த மையத்தில் பதிவு செய்த வியாபாரியும் மற்ற மையங்களில் கேட்கலாம் என்று ஆக்கினார்கள். புதுத் தொழில்நுட்பம் மலைக்கு இப்போதுதான் வருகிறது என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை அவருக்குச் சொல்லுங்கள்.

இதனால் தூளின் விலை உயர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இலையின் தரமும் வரத்தும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. கணினி அதை ஏற்றிக் கொடுக்காது. ஆனால் நிர்வாகம் மாறியது. வியாழன், வெள்ளி ஏலம் முடிந்ததுமே எந்த லாட் (ஏலத்தில் ஒன்றாக விற்கும் மூட்டைகளின் தொகுதி) என்ன விலைக்குப் போனது, எது விற்காமல் நின்றது என்று முதலாளியே பார்க்கலாம். பக்கத்து ஆலைத் தூள் ஐந்து ரூபாய் கூடப் போயிருந்தால் அதுவும் தெரியும். முன்பு டீ மேக்கரை உட்காரவைத்துப் பேச இரண்டு வாரமாகும், அதற்குள் எந்தத் தூள் எந்த நாள் இலை என்பதே மறந்துபோயிருக்கும். இப்போது வெள்ளி இரவே அந்தப் பேச்சு நடக்கலாம். இன்னும் பல ஆலைகளில் நடப்பதில்லை. ஏல முடிவு முதலாளியின் செல்போனிலேயே தங்கிவிடுகிறது. டீ மேக்கருக்கு அதை அனுப்ப ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, மனசுதான் வேண்டும்.

இரண்டாவது எடை. நீலகிரியில் பல்லாயிரம் சிறு விவசாயிகள். பெரும்பாலோருக்கு ஓரிரு ஏக்கர்தான். ஹட்டி என்கிற படுகர் ஊர்களிலிருந்தும் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் இலை ரோட்டோரத்துக்கு வரும், ஏஜென்ட் நிறுத்து எடுத்துக்கொள்வார். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து வருவதால் மூட்டைக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று கழிவு போடுவார்கள். இலை முற்றிக் கரடாக இருந்தால் அதற்கும் கழிவு. கழிவு போடுவது நியாயம்தான். நீருக்கு யாரும் விலை கொடுக்க முடியாது. ஆனால் எவ்வளவு என்பது ஏஜென்டின் வாய்ச்சொல். இந்த மலையில் ஆலைக்கும் விவசாயிக்கும் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்தக் கழிவிலிருந்து வந்தவை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நான் மேனேஜராக இருந்த ஓர் ஆலையில் மின்னணுத் தராசு வாங்கினோம். எடை நேராகச் செல்போனில் பதிவாகும், அடுத்த நிமிடம் விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும். மொத்த எடை, கழிவு, கழிவுக்குக் காரணம், நிகர எடை, நான்கும் அதில் இருக்கும். முதல் மாதம் மூன்று ஏஜென்டுகள் எங்களை விட்டு வேறு ஆலைக்குப் போனார்கள், தங்கள் ஊர் இலையோடு. முதலாளி கலங்கிப்போனார். ஆறு வாரத்தில் அந்த ஊர்களின் விவசாயிகளே எங்கள் வண்டி எப்போது வரும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். இதில் நாங்கள் செய்த தப்பு ஒன்று உண்டு: குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு வயதான அம்மா பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஒருநாள் கேள்விப்பட்டேன். மறுவாரமே தமிழுக்கு மாற்றினோம். அந்தத் தராசுக்குப் போட்ட பணத்தைப் போல எந்தப் பணமும் எனக்குத் திரும்பி வந்ததில்லை. நல்ல இலை வர ஆரம்பித்தது. தன் இலைக்குக் கழிவு ஏன் விழுந்தது என்று தெரிந்தவர் அடுத்த ரவுண்டில் ஏழாம் நாளே பறிக்கிறார். பதினைந்து நாள் விட்டுவிட்டு முற்றலைப் பறிப்பதில்லை.

இலையின் விலைக்குப் பின்னால் இருக்கிற கணக்கையும் விவசாயிக்குக் காட்டுங்கள். தேயிலை வாரியம் ஏலச் சராசரியை வைத்து மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. தூளின் விலையில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு என்பது அதன் அடிப்படை. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தூள் 100 ரூபாய்க்குப் போனால் இலை கிலோவுக்குப் பதினான்கரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். பறிகூலி, உரம், கவாத்து போனால் அவர் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். விலை போதவில்லை என்று விவசாயிகள் கோத்தகிரியில் உட்கார்ந்து போராடியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். எந்தச் செயலியும் இதைத் தீர்க்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் செயலி வாங்க வேண்டும்.

மூன்றாவது டீ மேக்கர். இங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமவெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. இலையைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிற வதக்கும் தொட்டிகளில் சென்சார் வைத்தால் காற்றின் ஈரப்பதம், வெப்பம், இலையின் ஈரம் எல்லாம் திரையில் தெரியும், வதக்கலை இனி கணினியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அழகான திரை, வண்ண வண்ணக் கோடுகள். முதலாளியும் நானும் மயங்கினோம். கையெழுத்துப் போடும்வரை டீ மேக்கரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பத்தாம் நாள் பாதி சென்சார் தப்பாகக் காட்டியது. காற்று எப்போதும் நனைந்தே இருக்கிற நாட்களில் இதெல்லாம் ஓடுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆலைக்குள் பறக்கும் தேயிலைப் பஞ்சு சென்சார் மேல் படியும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நெட்வொர்க் போனால் திரையே நின்றுவிடும். பழுது பார்க்க ஆள் மலையேறி வர நாலு நாள். ஒரு காலையில் பார்த்தால் டீ மேக்கர் அந்தத் திரை மேல் கோணிச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், ரெண்டு தெர்மாமீட்டர் வெச்சு நான் இருபது வருசமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன். என்கிட்ட கேட்டிருந்தா எங்க மாட்டணும்னாவது சொல்லியிருப்பேன்."

அவர் சொன்னது உண்மை. ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்று தெரியும். விசிறியை எப்போது போடுவது, சூடான காற்று எப்போது விடுவது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். சென்சார் செய்வதும் அதே வேலைதான். புதிதாகச் சேர்வது, இரவு இரண்டு மணிக்கும் ஒருவர் விழித்திருந்து எழுதாமலே பதிவாகிறது என்பது மட்டும்.

ஒரு வருடம் கழித்து மறுபடி முயன்றோம். இம்முறை நாலே நாலு சென்சார். எங்கே மாட்டுவது என்பதை டீ மேக்கர் முடிவு செய்தார். மூன்று மாதம் ஒவ்வொரு தொட்டிக்கும் "வதங்கிவிட்டது" என்று அவர் நினைக்கும் நேரத்தை நோட்டில் எழுதச் சொன்னோம். சென்சார் காட்டியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் வதக்கலில் எவ்வளவு வித்தியாசம் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இரவில் அவர் வீட்டுக்குப் போனபின் பையன்கள் அவசரப்பட்டு இலையை இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பதிவை வைத்து அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏலத்தில் எங்கள் லாட்டுகளுக்குள் இருந்த விலை ஏற்ற இறக்கம் மெல்லக் குறைந்தது. இன்றைக்கு அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நோட்டுப் புத்தகமும் பதிவுகளும் ஆலையில் இருக்கின்றன. மலையில் அனுபவம் உள்ள டீ மேக்கர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் மூக்கிலும் விரலிலும் இருக்கிற அறிவை எழுத்தாக்கி வைக்க இதுதான் நேரம். உங்கள் ஆலையில் அப்படி ஒருவர் இருந்தால், தம்பி, அவரோடு நாளைக்கே உட்காருங்கள்.

தொழில்நுட்பம் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஊட்டி இந்துநகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம், 1967இல் உற்பத்தி. கறுப்பு வெள்ளைப் பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் இங்கிருந்து போயின. நல்ல நாளில் ஐயாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது. டிஜிட்டல் கேமரா வந்து அதை விழுங்கிவிட்டது என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் வருடங்களைப் பாருங்கள்: 1996லேயே நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. சாதாரண மக்கள் கையில் டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பு! எக்ஸ்ரே பிலிம் பாலியஸ்டருக்கு மாறியபோது அதற்கான ஆலையைப் பெருங்கடன் வாங்கிக் கட்டினார்கள். அது முழுதாக ஓடி வருமானம் தருவதற்குள் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுப் பிலிம் மலிந்தது. வட்டி ஏறிக்கொண்டே போனது. டிஜிட்டல் வந்தது அதற்கும் அப்புறம். இயந்திரம் நல்லதாக இருக்கலாம், அங்கே வேலை செய்தவர்களின் திறமையில் யாரும் குறை சொல்ல முடியாது. முதலீடு செய்த நேரமும் கடனின் அளவும் சந்தையோடு ஒட்டவில்லை. அந்த ஊழியர் குவார்ட்டர்ஸ் வழியாக இன்றைக்குப் போனாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். அதனால்தான் சொல்கிறேன்: பெரிய கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே தவணையில் மாற்றாதீர்கள். ஒரு தொட்டி, ஒரு இயந்திர வரிசை, ஒரு ஊர் என்று சிறிதாக வைத்துப் பாருங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் அளவு ஆலைக்கு இன்றைக்கு அதில் மூன்று உபயோகம் எனக்குத் தெரிகிறது. முதலாவது, மொழி. உங்கள் ஆலையிலும் ஜார்க்கண்ட், பீகார், அசாம் ஆட்கள் இருப்பார்கள். பாதுகாப்பு அறிவிப்பையும் சம்பளச் சீட்டு விளக்கத்தையும் இந்தியில் எழுதவும், விவசாயிக்குத் தமிழில் குரல் செய்தி அனுப்பவும் இது நன்றாக உதவும். மத்திய அரசின் பாஷினி போன்ற மொழிபெயர்ப்புச் சேவைகளும் உண்டு. தமிழைப் புரிந்துகொள்கிற மாதிரி படுக மொழியை இவை இன்னும் புரிந்துகொள்வதில்லை. அதற்கு நம் ஆள்தான் பேச வேண்டும். இரண்டாவது, நாளைய இலை வரத்தை ஊகிப்பது. மூன்று நான்கு வருட எடைப் பதிவும் மழைப் பதிவும் கையில் இருந்தால் எந்த வாரம் வரத்து பொங்கும், எப்போது பனி விழுந்து வரத்து அடங்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். விறகும் ஆளும் அதற்கேற்பத் திட்டமிடலாம். பதிவு இல்லாவிட்டால் எந்த அறிவாளி மென்பொருளும் உதவாது. தராசை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாவது, இலையைப் படம் எடுத்து நல்ல இலை எத்தனை சதவீதம் என்று கணிப்பது. இது வளர்ந்து வருகிறது. ஆனால் இதன் முடிவை வைத்து விலையைக் குறைப்பதற்கு முன், அதே இலையை விவசாயி எதிரில் கையால் பிரித்துக் காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போவதை அவர் பத்து முறை பார்க்கட்டும்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் சத்தமில்லாமல் பணம் மிச்சமாவது அங்கேதான். வதக்கும் விசிறிகள் பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டினால், விசிறியின் வேகம் கொஞ்சம் குறைந்தாலே மின்சாரம் நிறையக் குறையும். காற்றுத் தள்ளும் இயந்திரங்களின் இயல்பு அது. உயரழுத்த இணைப்பு இருந்தால் உச்ச தேவைக்கும், அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுத்த மின்சாரத்துக்கும், கட்டணம் உண்டு. எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போடுகிறோமா என்று மீட்டர் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிளாக்செயின், அதாவது எழுதியதைப் பின்னால் யாரும் சத்தமில்லாமல் திருத்த முடியாத கணினிப் பேரேடு, இப்போது வேண்டாம். காபி வாரியம் 2019இல் அந்த முறையில் ஒரு சந்தையைத் தொடங்கியது. காபிக்கு வேறு நெருக்கடியும் உண்டு: காட்டை அழித்து விளைந்ததில்லை என்று நிரூபிக்க நிலத்தின் இருப்பிட விவரத்தோடு சரக்கு வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. அமல் தேதி தள்ளிப்போனாலும் பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபிக்காரர்களும் கூடலூர்க்காரர்களும் அதற்குத் தயாராக வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் பொருள் பட்டியலில் தேயிலை இல்லை. நாளைக்கு வாங்குபவர் கேட்டால் காட்டுவதற்கு ஒவ்வொரு விவசாயியின் நிலம், இலை, தேதி என்ற பதிவு ஒழுங்காக இருந்தால் போதும்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். தூளிலிருந்து நாரையும் காம்பையும் கேமரா வைத்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் வந்தபோது, அதுவரை கையால் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போனது. நான் இருந்த ஆலையில் பதினொரு பேர். ஏழு பேருக்குப் பொட்டலம் போடும் பிரிவில் இடம் கொடுத்தோம். நாலு பேருக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இயந்திரம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவர்களிடம் பேசியிருந்தால் செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் உறுத்துகிறது. பறிக்கும் இயந்திரம் அப்படியில்லை. பறிக்க ஆளே கிடைக்காத தோட்டத்தில் அது தேவை. ஆனால் இயந்திரம் கொழுந்தையும் கரட்டு இலையையும் சேர்த்தே வெட்டும். இயந்திர இலையைத் தனி லாட்டாக அரைத்து, அதன் விலையைத் தனியாகப் பாருங்கள். அப்போதுதான் மிச்சமான கூலி விலையில் போய்விட்டதா என்று தெரியும்.

விவசாயிகளின் நிலம், வங்கிக் கணக்கு, போன் எண் எல்லாம் இனி உங்கள் கணினியில் இருக்கும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது, பிரிந்தால் தரவு முழுவதும் நம் கைக்கு வர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். பழுது பார்க்க ஆள் எங்கிருந்து எத்தனை நாளில் வருவார், நெட்வொர்க் இல்லாதபோது எடை பதிவாகுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்தபின்தான் கடைசித் தவணை என்று சொல்லுங்கள். நல்ல நிறுவனம் ஒத்துக்கொள்ளும்.

ஆலை வாசலில் தூள் விற்கும் கடை இருந்தால் ஒரு சின்ன யோசனை. 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது. சீசனில் வரும் கூட்டத்துக்கு உச்சவரம்பு தெரிந்துவிட்டால் சரக்கையும் ஆளையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? உங்களிடம் அதிக இலை தரும் ஏஜென்டை விட்டுவிட்டு, நடுத்தரமான ஒரு ஏஜென்டின் ஒரே ஒரு ஊரை எடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். ஏஜென்டையும் கூட உட்காரவையுங்கள். அவர் கமிஷன் குறையாது என்று அவர் எதிரிலேயே சொல்லுங்கள். ஒரு மின்னணுத் தராசு, தமிழில் குறுஞ்செய்தி, கழிவுக்குக் காரணம். மூன்று மாதம் ஓட்டுங்கள், அதில் ஒரு மாதமாவது மழை மாதமாக இருக்கட்டும். அந்த ஊர் இலையைத் தனியாக அரைத்து ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு அப்பாவிடமும் டீ மேக்கரிடமும் சேர்ந்து பேசுங்கள். சென்சாரா, டிரைவா, கலர் சார்ட்டரா என்பதை அவர்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்தே சொல்வார்கள்.